உடம்புக்கு முடியாமல் போனால் எனக்கு என்ன செய்ய வேண்டும்? வீட்டில் பேசி வைப்பது பற்றி

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் ஒரு பெரியவருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது காரை எடுப்பார். முதலில் உள்ளூர் மருத்துவமனை, நிலைமை மோசம் என்றால் அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போ பெரியாஸ்பத்திரி. பிள்ளைகள் பினாங்கிலும் ஷா ஆலாமிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவரிடம் டாக்டர் கேட்பார்: மூச்சுக் குழாய் போடலாமா? இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கிப் பார்க்கலாமா? இதைப் பற்றியெல்லாம் உங்கள் அப்பா எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் இருப்பதில்லை. அப்பா என்ன சாப்பிடுவார், எந்தக் கடையில் முடி வெட்டுவார், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டார் என்பதெல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

நமக்குப் பேச முடியாமல் போகிற நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நமக்காக யார் பேச வேண்டும், எங்கே இருக்க ஆசைப்படுகிறோம் என்பதை நல்ல நினைவோடு இருக்கும்போதே நெருங்கியவர்களிடம் சொல்லி வைப்பதை மருத்துவத் துறையில் ‘முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ ஆபீஸ் வேலை போலத் தெரியும். உண்மையில் இதில் முக்கால்வாசி பேச்சுதான். எழுதுவது அப்புறம்.

இது சாகப் போகிறவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் முப்பது வயதுக்காரர் ஒரு விபத்தில் நினைவிழக்கலாம். நடமாட்டத்தோடு இருக்கும் பாட்டிக்கு மறதி நோய் மெல்ல மெல்ல வரலாம். நம் சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம் என்று இந்த ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. சீனி வியாதி முற்றினால் சிறுநீரகம், இதயம், மூளை, கால் எல்லாவற்றையும் தொடும். அப்படியென்றால் டயாலிசிஸ் செய்வதா, காலை எடுப்பதா போன்ற கேள்விகள் நம் வீடுகளுக்குத் தூரத்துக் கேள்விகள் அல்ல.

“வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க”

பேச்சை எடுத்ததும் வரும் முதல் பதில் இதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்பார்கள். இந்தப் பயத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை, அது பாசத்திலிருந்து வருவது. ஆனால் சாவைப் பற்றிப் பேசவே மாட்டோம் என்று நாம் சொல்வது முழு உண்மையும் இல்லை. தோட்டத்தில் மரண சகாய நிதிக்கு மாதா மாதம் பணம் கட்டியவர்கள் நம் பெரியவர்கள். எனக்கு இந்தச் சேலையைத்தான் கட்ட வேண்டும் என்று பீரோவின் அடித்தட்டில் எடுத்து வைத்திருக்கும் பாட்டிகள் எத்தனையோ பேர். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசைப் போட்டுப் பங்கு வாங்கியவர்கள், தங்களுக்குப் பிறகு பங்கு யாருக்கு என்று பெயர் கொடுத்தார்கள். ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணத்துக்கும் பெயர் கொடுத்தார்கள்.

ஆக, இறந்த பிறகு நடக்க வேண்டியதைப் பேசும் பழக்கம் நமக்கு உண்டு. விட்டுப்போனது, உயிரோடு படுக்கையில் கிடக்கும் அந்த நாட்களைப் பற்றிய பேச்சு. அது சில வாரமாகவும் இருக்கலாம், சில வருடமாகவும் இருக்கலாம்.

பெரியவர்கள் சொல்லும் மூன்று வாக்கியங்கள்

ஒரு வழியாகப் பேச்சு தொடங்கினாலும், மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சொல்லிப் பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது.” “நீங்க பார்த்துச் செய்யுங்க.” “எல்லாம் கடவுள் விட்ட வழி.” மூன்றும் மனதிலிருந்து வருபவைதான். ஆனால் அவசரப் பிரிவில் நிற்கும் மகனுக்கும் சரி, டாக்டருக்கும் சரி, இவற்றை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதனால் அங்கேயே நிறுத்தாமல் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

“பாரமா இருக்கக் கூடாது” என்று அம்மா சொன்னால், எது பாரம் என்று கேளுங்கள். ஒருவருக்கு அது பணம். இன்னொருவருக்கு மருமகள் கையால் மலம் அள்ள வைப்பது. மற்றொருவருக்கு மகன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவது. மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. பணம்தான் கவலை என்றால், அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு என்று சொன்னாலே பாதிக் கவலை போய்விடும்.

நீரிழிவுக் காலில் புண் வந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். “செத்தாலும் சாவேன், காலை எடுக்க விட மாட்டேன்” என்று சொல்லாத தாத்தா உண்டா? அதை அப்படியே எடுத்துக்கொண்டு குடும்பம் மறுத்துவிட்டால், புண்ணிலிருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து உயிரே போகலாம். எடுத்தால் பல வருடம் வாழவும் கூடும். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் தாத்தா என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வலியா? கால் இல்லாமல் எரிப்பார்களே என்ற வருத்தமா? இனிமேல் கோயிலுக்கும் டீக்கடைக்கும் யார் கூட்டிப் போவார் என்ற பயமா? பயம் கடைசியாகச் சொன்னதுதான் என்றால், சக்கர நாற்காலி, வாசல்படியில் ஒரு சரிவு, வாரத்துக்கு இரண்டு நாள் அழைத்துப் போக ஒரு பேரன் என்று பேச ஆரம்பிக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்போதும் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. அதை மதிக்க வேண்டும். காரணம் தெரியாமல் நாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் “வேண்டாம்” டாக்டருக்கும் உதவாது, தாத்தாவுக்கும் உதவாது.

“நீங்க பார்த்துச் செய்யுங்க” என்பவரிடம், “சரிப்பா, நாங்க மூணு பேரும் மூணு விதமா சொன்னா யார் சொல்றதை எடுத்துக்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் வரும். “கடவுள் விட்ட வழி” என்பவரிடம், “மெஷின் வச்சுக் காப்பாத்தறதும் கடவுள் வழியா, இல்ல மெஷின் வேணாம்னு விடறதா?” என்று கேட்கலாம். நம்பிக்கையைக் குறைத்துப் பேசுவது போலக் கேட்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் பதில் சொல்வார்கள்.

எதைப் பற்றியெல்லாம் சொல்லி வைக்கலாம்

முதலில் சிகிச்சையைப் பற்றிப் பேசாதீர்கள். எது இருந்தால் வாழ்க்கை வாழ்க்கையாக இருக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆட்களை அடையாளம் தெரிய வேண்டும் என்பார் ஒருவர். வாயால் சாப்பிட முடிந்தால் போதும் என்பார் இன்னொருவர். வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பார் மூன்றாமவர். மற்ற முடிவுகளெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கும்.

அப்புறம் சிகிச்சைகள். நின்றுபோன இதயத்தை நெஞ்சை அமுக்கி இயங்க வைக்க முயல்வது சினிமாவில் காட்டுகிற மாதிரி எளிதாக நடப்பதில்லை. விலா எலும்பு முறியலாம். நீண்ட நாள் நோயால் தளர்ந்துபோன வயதானவர்களுக்கு அது பலன் தருவது குறைவு. விபத்திலோ திடீர் மாரடைப்பிலோ விழுந்த ஆரோக்கியமான ஒருவருக்கு அதே முயற்சி உயிரைத் திருப்பித் தரலாம். மூச்சு இயந்திரமும் அப்படித்தான். நிமோனியா குணமாகும் வரை சில நாட்கள் வைப்பது வேறு, திரும்பி வர வாய்ப்பில்லாதவருக்கு வாரக்கணக்கில் வைப்பது வேறு. டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் வரும் நேரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டே பதில்தான் என்றும் இல்லை. “ஒரு மாதம் செய்து பார்ப்போம், உடம்பு தேறவில்லை என்றால் நிறுத்திவிடலாம்” என்று டாக்டரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு வழி இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் தொடங்கவே பயப்படுகிறார்கள், அல்லது தொடங்கியதை நிறுத்தப் பயப்படுகிறார்கள்.

மூக்கு வழியாகப் போடும் உணவுக் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் மனக்கஷ்டம் வருவது இதில்தான். ஊட்டிப் பழகிய கை நம்முடையது. சாப்பிடாமல் படுத்திருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போய், தேறி வரக்கூடியவருக்குக் குழாய் பெரிய உதவி. ஆனால் மறதி நோய் முற்றிய நிலையில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த நிலையில், முடிந்த அளவு கையால் பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதைத்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உடம்பு அடங்கி வரும்போது பசி குறைவதும் நோயின் ஒரு பகுதிதான். இதை முன்பே பேசி வைத்த வீட்டில், “அம்மாவைப் பட்டினி போட்டுட்டோமே” என்ற குற்ற உணர்வு பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுவது குறைகிறது.

இன்னொரு கேள்வியையும் மறக்க வேண்டாம்: பெரிய நோய் என்றால் அதை முழுவதுமாகத் தெரிந்துகொள்ள ஆசையா? “அப்பாக்கிட்ட சொல்லாதீங்க டாக்டர்” என்று நாம் பாசத்தில் சொல்லிவிடுகிறோம். அப்பா என்ன நினைக்கிறார் என்று அவரிடம் கேட்டதே இல்லை.

எப்போது, எப்படித் தொடங்குவது

தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள் என்பதால் அன்றைக்கே பேசிவிடலாம் என்று தோன்றும். பண்டிகையன்று வேண்டாம். மறுநாள், பலகாரம் மிச்சமிருக்கும் அமைதியான பிற்பகல் நல்லது. கிளினிக்கில் மருந்துக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கும் நேரமும் நல்லது. காரில் போகும்போது முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால் சில ஆண்களுக்கு அதுதான் வசதி. எனக்குத் தெரிந்து மிக இயல்பாக வருவது, துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான்.

ஒரு மகளும் அப்பாவும் இப்படிப் பேசலாம்:

“பெரியப்பா ஆஸ்பத்திரில ரொம்ப நாள் கிடந்துட்டாரு இல்லப்பா?”

“ஆமாம்மா. கையில, மூக்குல எல்லாம் வயரு. பாவம், அவனுக்கு அது பிடிச்சிருக்காது.”

“உங்களுக்கு அப்படி ஒண்ணு வந்தா நாங்க என்ன செய்யணும்பா?”

“எனக்கு ஏன் வரப்போகுது?”

“வரக் கூடாதுதான். ஆனா வந்து, டாக்டர் என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? எனக்குப் பயமா இருக்குப்பா.”

“...திரும்ப எழுந்து நடப்பேன்னா என்ன வேணா செய்யுங்க. அப்படி இல்லைன்னா வயரெல்லாம் வேணாம். வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.”

இவ்வளவுதான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. “நீங்க செத்துட்டா” என்று தொடங்காமல், “நான் என்ன சொல்றது” என்று மகள் தன் கஷ்டத்தைச் சொல்லித் தொடங்கியதைக் கவனியுங்கள். பிள்ளையின் கஷ்டத்தைத் தீர்க்க அப்பா மனசு தானாக இறங்கி வரும். அப்படி வரும்போது குறுக்கே “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா” என்று தேற்றப் போய்ப் பேச்சை அடைத்துவிடாதீர்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே மூத்தவர் என்றால் இன்னும் எளிது. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நான் பேசணும், நீங்க கேட்டுக்கணும்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எல்லாரையும் ஒன்றாக வைத்துச் சொல்லுங்கள். வர முடியாத பிள்ளையை வாட்ஸ்அப் வீடியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால், நெருக்கடியில் மற்றவர்கள் அவரை நம்ப மாட்டார்கள். “அப்பா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார், நீதான் செலவுக்குப் பயந்து சொல்றே” என்ற ஒரு சொல்லில் பத்து வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

உங்களுக்காகப் பேசுபவர் மூத்த மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கூப்பிட்டால் வந்து சேரக்கூடியவரா, அழுதுகொண்டே ஆனாலும் டாக்டரிடம் தெளிவாகப் பேசக்கூடியவரா, தன் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் ஆசையைச் சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். அது இளைய மகளாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம். மூத்தவரை மதித்து அவர் முன்னிலையிலேயே அதைச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

பிள்ளை இல்லாதவர்கள், துணையை இழந்து தனியாக இருப்பவர்கள், உறவோடு தொடர்பு அறுந்தவர்கள் நம் தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளிலும் நிறையப் பேர். அவர்களுக்குக் கூட வேலை செய்த தோழி, பழைய லயத்து அண்டை வீட்டார், கோயில் கமிட்டிக்காரர் ஆகியோர்தான் குடும்பம். அவர்களிடம் தாராளமாகச் சொல்லி வைக்கலாம். ஆனால் மருத்துவமனை முதலில் தேடுவது இரத்த உறவைத்தான். அதனால் நண்பரின் பெயரையும் போன் எண்ணையும் எழுத்தில் வைத்திருப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். கிளினிக் கார்டிலும் அவசரத் தொடர்புக்கு அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் சிகிச்சை ஒப்புதல் வழிகாட்டியில் இதற்கு இடம் உண்டு. ஒரு சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி முன்பே தெளிவாக எழுதி வைத்திருந்து, அவர் சொன்ன சூழ்நிலையும் இதுதான் என்றால், டாக்டர் அந்தச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். எழுதியது தெளிவாக இல்லை, பழையது, நல்ல நினைவில் எழுதியதா என்று தெரியவில்லை என்றால், அவசர நேரத்தில் உயிரைக் காக்கும் பக்கம்தான் அவர் சாய்வார். அப்போது குடும்பத்தினர் அத்தனை பேரும் ஒரே குரலில் “ஆமாம், எங்களிடமும் இதையே சொன்னார்” என்பதற்கு மதிப்பு மிக அதிகம். நம் நாட்டில் பேச்சுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான்.

உயில் இதற்கு உதவாது, அது இறந்த பிறகே நடைமுறைக்கு வருகிறது. சொத்து விவகாரத்துக்கு வக்கீலிடம் எழுதும் பவர் பத்திரமும் உதவாது. சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதைக் கருணைக்கொலையோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். கருணைக்கொலைக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. பலன் தராத சிகிச்சையை மறுப்பது நோயாளியின் உரிமை. உறுப்பு தானம் செய்ய ஆசை என்றால் அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியில் பதியலாம், ஆனால் இறந்த பிறகு குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பார்கள் என்பதால் அதையும் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை (ஐசி) எண், தேதி, எனக்காகப் பேசுபவர் யார், எனக்கு எது முக்கியம், எந்த நிலையில் எது வேண்டாம். கீழே கையெழுத்து, இரண்டு சாட்சிகள். வீட்டுக்குத் தமிழில் ஒன்று, டாக்டருக்கு மலாயில் ஒன்று. கிளினிக் அப்பாயிண்ட்மென்ட் புத்தகத்தின் அட்டைக்குள் ஒரு நகல் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கையில் எடுப்பது அதைத்தான். அடுத்த தடவை செக்கப் போகும்போது டாக்டரிடம் காட்டிப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதால் பள்ளிக்கூடத்துப் பேரனை மொழிபெயர்க்க நிறுத்திவிடாதீர்கள். பாட்டிக்குக் குணமாகாது என்ற செய்தி அந்தப் பிள்ளையின் வாய் வழியாக வரக் கூடாது. வந்தாலும் அவன் பாதியை விழுங்கிவிடுவான். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள், அல்லது பெரியவர் ஒருவர் லீவு போட்டுவிட்டுக் கூட வரட்டும்.

“வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க”

நம் பெரியவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். திட்டமில்லாமல் செய்தால், கடைசி நேரத்தில் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று ஏஓஆர் கையெழுத்துப் போட்டு, வலிக்கு மருந்துகூட இல்லாமல் கொண்டு வந்து, வீட்டில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நிலை வரும். முன்பே டாக்டரிடம் சொல்லியிருந்தால் வலி நிவாரண மருந்து, மூச்சுத் திணறலுக்கு என்ன செய்வது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்றெல்லாம் கற்றுக்கொடுத்து அனுப்ப முடியும். இதுதான் வலி தணிப்புப் பராமரிப்பு (பாலியேட்டிவ் கேர்). இனி செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடுவதல்ல இது. நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு, மனிதரைக் கவனிக்கும் சிகிச்சை. இதற்காகச் சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கை ஒன்றை வைத்திருக்கிறது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் ஹோஸ்பிஸ் மலேசியா நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவை உங்கள் பகுதி அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

சொல்லி வைத்ததை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அறுபது வயதில் மெஷினே வேண்டாம் என்றவர், பேத்தி பிறந்த பிறகு கொஞ்ச நாள் போராடிப் பார்க்கலாமே என்று நினைக்கலாம். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகும், நோய் அடுத்த கட்டத்துக்குப் போகும்போதும் திரும்ப ஒரு தடவை கேளுங்கள். மாற்றினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தேதி போட்டு எழுதுங்கள். நகல் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமும், கிளினிக்கிலும் அதையே மாற்றிக் கொடுங்கள்.